பெட்டி நல்லாத்தான் இருக்கு

இப்பம் உங்க ஆபீசுல கம்ப்ளைண்ட் நோட்டே கிடையாதாமே. எல்லாத்தையும் போன்லயே ஏத்தி விட்டுருதீங்களாம். போன வாரம் எட்டிப் பாக்க வந்தப்ப ஒருத்தி எனக்கு ஆசையா எடுத்துக் காட்டினா. ஒயர் கோளாறு, பெட்டி கோளாறு, சிக்னல் கோளாறுன்னு வரிசையா வருது. ஆகக் கடைசியில ‘வாடிக்கையாளர் தவறு’ன்னு ஒண்ணு. அத அமுக்கினா கம்ப்ளைண்ட் தானா மூடிக்கிடுமாம். "இதுதான்க்கா ரொம்ப வசதி"ன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து உக்காந்தா சோறு இறங்கல.

அதான் இத எழுதுறேன். இருபது வருசத்துக்கு மேல ராஜபாளையத்துல அதே கேபிள் ஆபீசுல, அதே போனுக்கு முன்னாடி உக்காந்து இருந்தவ நான். எழுதிப் பழக்கமில்ல, பேசித்தான் பழக்கம். அதனால பேசுற மாதிரியே எழுதுறேன், திருத்தாம படிங்க. ஏலே, இந்த அக்காவுக்கு வேற வேலையில்லன்னு நினைக்காதீங்க. கம்பம் ஏறவும் ஒயர் இழுக்கவும் ஆறு மாசத்துல படிச்சுக்கிடலாம். போன் எடுத்துப் பேச எனக்கு இருபது வருசம் பத்தல.

உங்கள்ல பாதிப் பேருக்குப் பழைய கேபிள்னா என்னன்னே தெரியாது. தெருக்கம்பத்துல இருந்து கறுப்பு ஒயர் ஒண்ணு வீட்டுக்குள்ள வரும். அத நேரா டி.வி. முதுகுல சொருகுவோம். அம்புட்டுதான், சோலி முடிஞ்சது. பெட்டி கிடையாது. ரிமோட்டும் ஒண்ணுதான். மேல அமுக்கினா அடுத்த சேனல், கீழ அமுக்கினா முந்தின சேனல். அமுக்கின விரல எடுக்குமுன்ன படம் மாறி நிக்கும். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா இருக்கும், மழை பேஞ்சா கோடு ஓடும். அத யாரும் பெருசா எடுத்துக்கிட மாட்டாங்க.

பொறவுதான் எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறணும், பழைய சிக்னல நிப்பாட்டணும்னு உத்தரவு வந்துச்சு. வீட்டுக்கு வீடு பெட்டி வைக்கணும். லைன்மேன் அம்புட்டுப் பேரும் காலையில இருந்து பெட்டியத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க. ஒரு வீட்டுல பெட்டிய வச்சு, ரிமோட்ட அமுக்கிக் காட்டி, வெளிய வர பத்து நிமிசம். அவங்க அடுத்த தெருவுக்குப் போகுமுன்ன இந்த வீட்டுல இருந்து எனக்கு போன் வந்துரும்.

எங்ககிட்ட கம்ப்ளைண்ட் நோட்டு இருந்துச்சு. கடைசிக் கட்டத்துல ஒரே ஒரு எழுத்து எழுதணும். ஒயர்னா ‘ஒ’, பெட்டின்னா ‘பெ’. ரெண்டும் இல்லாம, பாக்குற மனுசருக்கே விவரம் தெரியலன்னா ‘ஆ’. ஆளுன்னு அர்த்தம். இத யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல, நானே கண்டுபிடிச்சது. பெருமையா வேற இருந்துச்சு எனக்கு.

அந்தக் கூத்துகள நினைச்சா இப்பவும் சிரிப்பு வரும். சேத்தூர்ல ஒரு வீட்டுல பெட்டி வச்ச மறுநாளே ரிமோட்டு வேலை செய்யலன்னு போன். லைன்மேன் போயிப் பாத்தா, புதுப்பொருள் வீட்டுக்கு வந்திருக்குன்னு வெள்ளிக்கிழமை அதுவுமா பெட்டிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வச்சிருக்காங்க. எங்க? ரிமோட்டுல இருந்து வர்றத வாங்கிக்கிடுமே, அந்தக் கறுப்புக் கண்ணாடி மேலயே, நல்லா தடிமனா. இவன் துடைச்சு விட்டிருக்கான். உடனே வேலை செஞ்சிருக்கு. "பொட்ட அழிச்சிட்டியே, நீ விளங்குவியா"ன்னு அந்த வீட்டம்மா இவனப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. கடைசியில பெட்டியோட தலையில ஒரு பொட்ட வச்சுக் கொடுத்துட்டு வந்தான். நான் நோட்டுல ‘ஆ’ன்னு எழுதினேன். வன்னியம்பட்டியில ஒருத்தர் பெட்டி திருடு போயிரும்னு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு. அதுக்கும் ‘ஆ’. எழுதி எழுதி, யாரு போன் பண்ணினாலும் கை தானா ‘ஆ’ போட ஆரம்பிச்சிருச்சு.

முதலாளி நல்ல மனுசர்தான். ஆனா பழைய சிக்னல நிப்பாட்டுற நாள் கிட்ட வர வர அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிருச்சு. சாயங்காலம் நோட்டுல ஒரு கம்ப்ளைண்ட் கூட முடியாம நிக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஒயர்னு எழுதினா ஆள் அனுப்பணும், பெட்டின்னு எழுதினா வேற பெட்டி கொடுக்கணும். ஆளுன்னு எழுதிட்டா அம்புட்டுதான், கணக்கு முடிஞ்சது. உங்களுக்கு நான் சொல்லணுமா? அந்த வசதி உங்களுக்கே தெரியும்.

அப்பம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒரு அக்கா மூணு நாளா போன் பண்ணிக்கிட்டே இருந்தா. "தாயி, அவியளால சேனல் மாத்த முடியல தாயி." ஒரே வார்த்தைதான். முதல் நாள் ஒருத்தன அனுப்பினேன், பெட்டி நல்லா இருக்குன்னான். ரெண்டாவது நாள் வேற ஒருத்தன அனுப்பினேன், அவனும் அதையேதான் சொன்னான். மூணாவது நாள் அந்த அக்கா போன் பண்ணினப்ப எனக்குக் காலையில இருந்து தொண்டைத் தண்ணி வத்திக் கிடக்கு. எரிச்சல்னா எரிச்சல் அப்படியொரு எரிச்சல்.

"எக்கா, எங்க ஆளுக ரெண்டு தடவ வந்து பாத்துட்டாங்க. பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல. விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அவங்கள மாத்திவிடச் சொல்லுங்க"ன்னேன்.

அந்தப் பக்கம் தூரத்துல ஒரு ஆம்பளக் குரல் கேட்டுச்சு. "கேட்டியாம்மா? கேபிள்காரியே சொல்லிட்டா. இனிமேலாவது ஒத்துக்க." போன் கட்டாயிருச்சு. எனக்கு என்னமோ சுருக்குன்னுச்சு. ஆனா அடுத்த போன் அடிச்சிருச்சு. நோட்டுல ‘ஆ’ போட்டுட்டு அத எடுத்துட்டேன்.

மறுநாள்தான் பழைய சிக்னல நிப்பாட்டுற நாள். மத்தியானம் ரெண்டு மணிக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுத்துப்பட்டி அம்புட்டுக்கும் சேத்து நிக்கும். காலை பதினோரு மணி இருக்கும். ஒல்லியா ஒரு அக்கா ஆபீசுக்குள்ள வந்தா. வலது கையில மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. நான் போன்ல கத்திக்கிட்டு இருந்தேன். செத்த நேரம் சுவரோரமா நின்னு பாத்துட்டு, போன் ஓஞ்ச நேரமாப் பாத்துக் கிட்ட வந்தா. குரலக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"தாயி, பழைய ஒயரு எங்க வீட்டுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் விட்டு வைக்க முடியுமா?"

"அதெப்படிக்கா ஒரு வீட்டுக்குத் தனியா விட முடியும்? நிப்பாட்டினா ஊருக்கே சேத்துத்தான் நிக்கும். எதுக்குக் கேக்கீங்க?"

ஸ்டூலக் காட்டி உக்காரச் சொன்னேன். உக்காந்து சொல்ல ஆரம்பிச்சா. பேரு கோமதி. வீட்டுக்காரரு மில்லுல ஃபிட்டரா இருந்தவரு, தெருவுல எல்லாருக்கும் அவரு ஃபிட்டர் அண்ணாச்சி. ஒன்றரை வருசத்துக்கு முன்ன வாதம் அடிச்சு வலது பக்கம் மொத்தமும் விழுந்துருச்சு. பேச்சும் போச்சு. இடது கை மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். அன்னையில இருந்து கோமதியக்காதான் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம். போன மாசம் குளிப்பாட்டத் தூக்குறப்ப வழுக்கி விழுந்து இவ கை ஒடிஞ்சிருச்சு. ஒரே மகன், மாரி. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. அம்மா கை ஒடிஞ்சதக் கேட்டு லீவு போட்டு ஓடி வந்தவன், மதுரையில ஒரு காப்பகத்துல பேசிட்டான். அப்பாவக் கொண்டுபோய் அங்க விட்டுருவோம், அங்க பாத்துக்கிட ஆள் இருக்கு, நீ என்னோட திருப்பூருக்கு வந்துருன்னு.

"அவன் கெட்டவன் இல்ல தாயி. எனக்காகத்தான் சொல்லுதான். ‘அப்பாவுக்குப் புத்தி கலங்கிப் போச்சும்மா, எங்க இருக்கோம்னே தெரியாது, எங்க கிடந்தாலும் ஒண்ணுதான்’ங்கான். தெரியும்லே, எல்லாம் தெரியும்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கான். நான் டி.வி.யத்தான் காட்டுவேன். அவிய காலையில ஏழு மணிக்கு நியூஸ் வைப்பாவ. பதினோரு மணிக்குப் பழைய பாட்டு. சாயங்காலம் உங்க லோக்கல் சேனல்ல கோயில் காட்டுவீங்கள்ல, அது. எல்லாம் அவியளா இடது கை பெருவிரலால மாத்துறது. புத்தி கலங்குனவன் நேரம் பாத்துச் சேனல் மாத்துவானாலேன்னு கேட்டா அவனால பதில் சொல்ல முடியாது. அப்படியே தள்ளிப் போட்டுக்கிட்டு வந்தான்."

பொறவு பெட்டி வந்திருக்கு. அண்ணாச்சி அமுக்கியிருக்காரு. நியூஸ் வரல, என்னென்னமோ வந்திருக்கு. திரும்பத் திரும்ப அமுக்கி, எங்கெங்கயோ போயி, கடைசியில ஆங்காரத்துல ரிமோட்டத் தூக்கி சுவத்துல எறிஞ்சிட்டாரு. "பாத்தியாம்மா"ன்னுட்டான் மகன். இவ, பெட்டியிலதான் கோளாறுன்னு சாதிச்சிருக்கா. கேபிள் ஆபீசுல கேளுன்னு மகன் சொல்லியிருக்கான்.

"நேத்து நீ சொன்னது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு தாயி. அவியளுந்தான் கேட்டுக்கிட்டு இருந்தாவ. ஆளு சரியில்லன்னு நீ சொன்னதும் சுவத்துப் பக்கம் மொகத்தத் திருப்பினவிய, இன்னும் இந்தப் பக்கம் திரும்பல. நாளைக்கு காலையில மதுரையில இருந்து வண்டி வருது. பழைய ஒயரு இருந்தா ஒரே ஒருக்க மகனுக்குக் காட்டிருவேன். அதுக்குத்தான் கேட்டேன்."

அழல. அழுதிருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும். மூணு நாளா அந்த அம்மா பேசினதுல யாரு என்னன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல. ‘அவியளால ஏன் மாத்த முடியல?’ இந்த ஒரு கேள்வி, நாலே நாலு சொல்லு. வெக்கமா இருந்துச்சு. என் வாயில இருந்து போன ஒரு வார்த்தைய வச்சு ஒரு மனுசன வீட்ட விட்டு அனுப்பப் போறாங்க.

மணியப் பாத்தேன். பதினொன்றரை. ரெண்டு மணிக்குள்ள போயிட்டா பழைய ஒயர நேரா டி.வி.யில சொருகிக் காட்டிரலாம். லைன்மேன்ல ஒருத்தன் கூட ஆபீசுல இல்ல, எல்லாரும் கம்பத்துல நிக்காங்க. பையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சேன்.

முதலாளி கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து ஓடி வந்தாரு. "எங்கம்மா கிளம்பிட்ட? இன்னைக்கி ஊரே போன் அடிக்கும். யாரு எடுக்கது?"

"நீங்க எடுங்க"ன்னேன்.

அவருகிட்ட அப்படிப் பேசினது அதுதான் முதலும் கடைசியும். மனுசர் வாயத் திறக்குமுன்ன போன் அடிச்சுச்சு, அவரே எடுத்தாரு. நான் அந்த அக்காவக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

பஸ் அன்னைக்கின்னு பாத்து நின்னு நின்னு போச்சு. கோமதியக்கா வீட்டுக்குள்ள நுழையறப்ப ஒண்ணேகாலுக்கு மேல ஆயிருச்சு. ஒரே அறைதான் பெருசு. சுவரோரம் கட்டில், எதிர்த்த சுவத்துல டி.வி., அதுக்குக் கீழ நம்ம பெட்டி. அண்ணாச்சி சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாரு. மகன் இல்ல. அப்பாவோட ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கான்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அந்தக் காகிதம் எதுக்குன்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடல.

"அண்ணாச்சி, கேபிள் ஆபீசுல இருந்து வந்திருக்கேன்"ன்னேன். என் குரல் கேட்டதும் கண்ண இறுக்கி மூடினாரு. நான் யாருன்னு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருச்சு. இந்த மனுசனுக்கா புத்தி கலங்கிருச்சுன்னு அப்பமே எனக்குப் பட்டுச்சு. ஆனா எனக்குப் பட்டு என்ன செய்ய, மகனுக்குல்ல படணும்.

பெட்டியில இருந்து ஒயர உருவி டி.வி.யில சொருகினேன். படம் வந்துச்சு, பழைய புள்ளிப் படம். கோமதியக்கா கட்டில் பக்கத்துல குனிஞ்சு, "ஏங்க, பழைய மாதிரியே வந்துருச்சு, ஒருக்க மாத்துங்களேன், மாரி வரட்டும், அவனுக்குக் காட்டிருவோம்"னு கெஞ்சுதா. அவரு அசையல. அரை மணி நேரம் அப்படியே போச்சு. எனக்கு மணியப் பாக்கவும் பயம், பாக்காம இருக்கவும் முடியல.

மாரி வந்தான். முப்பது வயசு இருக்கும். தூக்கமில்லாம கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. நான் யாருன்னு சொன்னேன். கோவப்படல. "எதுக்குக்கா இம்புட்டு தூரம்?"ன்னான், அம்புட்டுதான். அவன் குரலக் கேட்டுட்டோ என்னவோ, அண்ணாச்சி மெதுவா இந்தப் பக்கம் திரும்பினாரு. கோமதியக்கா பாஞ்சு போயி பழைய ரிமோட்ட அவரு கையில வச்சா. பெருவிரலத் தூக்கினாரு. அமுக்கினாரு.

படம் போச்சு. டி.வி. முழுக்க வெள்ளைப் புள்ளி, ‘உஸ்’னு இரைச்சல். மணி ரெண்டு. ராஜபாளையத்துல நம்ம பயக சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி நிப்பாட்டிட்டாங்க. எந்தக் காலத்துலயும் சொன்ன நேரத்துக்கு ஒரு வேலையும் செய்யாத பயக!

அண்ணாச்சி திரும்ப அமுக்கினாரு. திரும்பவும் புள்ளிதான். அவரு விடல, அமுக்கிக்கிட்டே இருந்தாரு. "அவரு தப்பில்ல தம்பி, சிக்னல நிப்பாட்டிட்டாங்க"ன்னேன். மாரி என்னையப் பாத்த பார்வையிலயே நான் சொன்னத அவன் நம்பலன்னு தெரிஞ்சுச்சு. "விடுங்கக்கா. பாவம், அவரப் போட்டு எதுக்குப் படுத்தணும்"னு அப்பா கையில இருந்து ரிமோட்ட வாங்கி வச்சிட்டான். கோமதியக்கா கட்டில் கால்மாட்டுல அப்படியே உக்காந்துட்டா.

பிள்ளைகளா, அன்னைக்கி நான் செஞ்ச நல்ல காரியம் ஒண்ணே ஒண்ணுதான். பேச்ச நிப்பாட்டினேன். எனக்கு அது எம்புட்டு கஷ்டம்னு என்கூட வேலை பாத்தவங்களுக்குத் தெரியும். ஒயரத் திரும்பப் பெட்டியிலயே சொருகினேன். புது ரிமோட்ட அண்ணாச்சி கைக்குப் பக்கத்துல வச்சேன். டி.வி.க்கு முன்னாடி நிக்காம, அவரு தலைமாட்டுல ஸ்டூலப் போட்டு, அவரு பாக்குற திசையிலயே நானும் பாத்துக்கிட்டு உக்காந்தேன். அமுக்குங்கன்னும் சொல்லல, அமுக்காதீங்கன்னும் சொல்லல.

ரொம்ப நேரம் கழிச்சு அந்தப் பெருவிரல் ரிமோட்டு மேல வந்துச்சு. மேல போற பட்டன அமுக்கினாரு. டி.வி. கறுத்துப் போச்சு. ஒண்ணு, ரெண்டு, படத்தக் காணோம். அமுக்கினது படியலன்னு நினைச்சு இன்னொருக்க அமுக்கினாரு. இப்பம் பெட்டி ரெண்டையும் சேத்து எடுத்துக்கிட்டு ஒரு சேனல் தாண்டிப் போயி நின்னுச்சு. இவரு திரும்பி வரக் கீழ அமுக்கினாரு. கறுப்பு. இன்னொருக்க அமுக்கினாரு. அந்தப் பக்கம் தாண்டிருச்சு. சரின்னு நம்பர் அமுக்கிப் பாத்தாரு. மூணு நம்பர் அமுக்கணும். ஒத்தைப் பெருவிரல் முதல் நம்பர்ல இருந்து ரெண்டாவது நம்பருக்கு ஊர்ந்து போகுமுன்ன, பெட்டி முதல் நம்பர மட்டும் எடுத்துக்கிட்டு எங்கயோ போயிருச்சு.

அடப்பாவி பெட்டியே! தான் மட்டும் ஆற அமர வேலை செய்யும், மனுசன மட்டும் அவசரப்படுத்தும். நமக்கெல்லாம் இது உறைக்கவே இல்ல. நாம ரெண்டு தரம் தப்பா அமுக்கி, ரெண்டு தரம் திட்டிட்டு, பழகிட்டோம். அவரு மில்லுல முப்பது வருசம் மிஷினோட பாடுபட்ட மனுசரு. பட்டன அமுக்கினா மிஷின் உடனே கேக்கணும், கேக்கலன்னா பட்டன் படியல. அவரு கணக்கு சரிதான். ஒரு வாரமா அந்தக் கணக்கோடதான் தனியாக் கிடந்து மல்லுக்கட்டியிருக்காரு.

அப்பந்தான் எனக்கு இன்னொண்ணு விளங்குச்சு. "அக்கா, பெட்டி வச்ச அன்னைக்கி எங்க ஆளு யாருக்குச் சொல்லிக் கொடுத்தான்?"ன்னு கேட்டேன். "எனக்கும் மாரிக்கும்"னா. பொறவு வந்த ரெண்டு பேரும்? "எனக்குத்தான்." டி.வி. பாக்குற மனுசன் கட்டில்ல கிடக்காரு. அவரு தலைக்கு மேலயே எல்லாரும் பேசியிருக்கோம். பேச முடியாதவருக்குக் காதும் கேக்காதுன்னு நாமளா முடிவு பண்ணிட்டோம். பெட்டி வைக்கப் போறப்ப இத மட்டும் பாத்துக்கிடுங்க. அந்த வீட்டுல ரிமோட்டு யாரு கையில இருக்கோ, அவருகிட்ட பேசுங்க. அது குழந்தையோ, கட்டில்ல கிடக்கவரோ, யாரா இருந்தாலும் சரி.

ஸ்டூல முன்னாடி இழுத்துப் போட்டு, அவரு மொகத்துக்கு நேரா உக்காந்தேன். "அண்ணாச்சி, நீங்க அமுக்குறது சரி. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இந்தப் பெட்டி படத்தப் பிரிச்சுக் காட்ட மூணு செகண்டு எடுக்கும். ஒருக்க அமுக்கிட்டு மூணு எண்ணுங்க. அதுக்கு முன்ன அமுக்காதீங்க. நம்பரே வேண்டாம். உங்களுக்கு வேண்டிய சேனல மட்டும் நான் தனியா சேத்து வைக்கேன், இந்த ஒத்தப் பட்டன அமுக்கினா அது மட்டும் மாறி மாறி வரும்"னேன்.

கண்ணு என் மேலயே இருந்துச்சு. ரிமோட்ட வாங்கி நாலு சேனல ஏத்திக் கொடுத்தேன். நியூஸ், பாட்டு, நம்ம லோக்கல் சேனல், ஒரு படச் சேனல். ரெண்டு நிமிச வேலை, ஏலே. ரெண்டு நிமிசம்!

அமுக்கினாரு. டி.வி. கறுத்துச்சு. ரிமோட்டு வயித்து மேல கிடக்கு, இடது கை விரல் கட்டில் சட்டத்துல தட்டுச்சு. ஒண்ணு. ரெண்டு. மூணு. பாட்டு வந்துச்சு. திரும்ப அமுக்கினாரு. திரும்ப மூணு தட்டு. நம்ம லோக்கல் சேனல்ல முந்தின நாள் கோயில் புறப்பாடு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அங்க நிப்பாட்டிட்டு ரிமோட்ட விட்டுட்டாரு. மாரி அப்பாவோட விரலையே பாத்துக்கிட்டு நின்னான்.

ஆனா அவன் மனசு மாறின மாதிரி தெரியல. சொல்லிக் கொடுத்ததச் செய்யுதாரு, கிளி கூடச் செய்யும்னு நினைச்சானோ என்னவோ. அந்நேரம் பாத்து அவன் போன் அடிச்சுச்சு. எடுத்துட்டு அந்தால சன்னல் பக்கம் போனான். "ஆமா சார்… காகிதமெல்லாம் எடுத்துட்டேன்… காலையில எத்தனை மணிக்கு…" அவன் குரலத் தாழ்த்தித்தான் பேசினான். டி.வி.யில மேளச்சத்தம் வேற.

மேளம் பட்டுன்னு நின்னுச்சு.

டி.வி.யில படம் ஓடுது, சத்தம் இல்ல. அண்ணாச்சி சத்தத்த நிப்பாட்டுற பட்டன அமுக்கியிருக்காரு. அத நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கல. மகன் பேசுறது காதுல விழணும்னு அவராத் தேடிக் கண்டுபிடிச்சு அமுக்கியிருக்காரு. சன்னல் பக்கம் திரும்பி, மகனோட முதுகையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாரு. மேளம் நின்னதும் மாரியும் பேச்ச நிப்பாட்டித் திரும்பினான். போன் காதுலயே இருக்கு. அந்தப் பக்கம் ‘ஹலோ, ஹலோ’ங்குறது எங்க எல்லாருக்கும் கேக்குது. அப்பாவும் மகனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் தரையப் பாத்துக்கிட்டேன்.

"சார், வண்டி வேண்டாம் சார்"ன்னான் மாரி. போன வச்சிட்டு கட்டில் பக்கத்துல தரையில உக்காந்தான். "அப்பா, எல்லாம் தெரிஞ்சுதான் இருந்தீங்களா? நீங்க போறீங்களா இல்லையான்னு உங்களையே கேக்கேன். போறீங்களா?" அண்ணாச்சி இடது கைய மெதுவா இப்படியும் அப்படியும் ஆட்டினாரு. மாரி அந்தக் கையப் பிடிச்சு அவன் தலையில வச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். காலையில வந்து தூக்கிவிட ஒரு ஆள உள்ளூர்லயே பாப்போம்மான்னு அழுகைக்கு நடுவுலயே சொன்னான்.

நான் கிளம்பியிருக்கணும். ஆனா எனக்கு மனசு ஆறல. கட்டில் பக்கத்துல போயி நின்னேன். "அண்ணாச்சி, நேத்து போன்ல பேசினவ நான்தான். விசாரிக்காம, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அப்படி ஒரு வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது. பெரிய மனசு பண்ணி…"

அண்ணாச்சி என்னைய ஏற இறங்கப் பாத்தாரு. ரிமோட்ட எடுத்தாரு. சத்தத்தத் திரும்ப வச்சாரு. நான் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். அவரு சத்தத்தக் கூட்டினாரு. இன்னும் கொஞ்சம் கூட்டினாரு. மேளமும் நாகசுரமும் சேந்து காதக் கிழிக்குது. நான் பேசுறது எனக்கே கேக்கல. வாய மூடிக்கிட்டேன்.

கோமதியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. மாவுக்கட்டுக் கையால வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கா, கண்ணுல தண்ணி கொட்டுது. "ஏலே மாரி, பாத்தியா! ஒங்கப்பாவேதான்லே! கோவம் வந்தா அவிய என்னைக்கி யாரு பேச்சக் கேட்டிருக்காவ?"ன்னு அந்தச் சத்தத்துக்கு மேல கத்தினா.

நான் பையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தேன். தெருமுனை வரைக்கும் அந்த மேளம் கேட்டுச்சு.